எட்டாவது மாடியும் முடங்கிய அட்டையும்: செபராங் பிறையில் ஒரு வாடகை வீட்டு நிகழ்வு ஆய்வு

வாடகைத் தகராறு, பராமரிப்புக் கட்டணப் பாக்கி, மன்றத்திலிருந்து வரும் கடிதம் என்று திண்டாடும் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் கூடப் போய்ப் பேசுவதும் எங்கள் சிறு குழுவின் வேலை. அப்படி எங்களிடம் வந்த, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் செபராங் பிறையில் வாழும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை அவர்கள் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆட்களின் பெயர், கட்டடம், தாமான் (குடியிருப்புப் பகுதி) எதையும் குறிப்பிடவில்லை.

## பின்னணி

குடும்பத்தில் நான்கு பேர். அறுபதுகளின் நடுவில் இருக்கும் அம்மா, பிறை தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மகன், காலையில் மட்டும் வேலைக்குப் போகும் மருமகள், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்தி. பல ஆண்டுகளாக அவர்கள் வாடகைக்கு இருந்தது ஐந்து மாடி பிளாட் ஒன்றில், நான்காவது மாடியில். அங்கே மின்தூக்கி கிடையாது. பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் இந்த வகை பிளாட்டுகளுக்குக் குறைவே இல்லை. இளம் வயதில் குடி வந்தவர்கள் அங்கேயே முதியவர்களாகி, படி இறங்குவதையே குறைத்துக்கொண்டு வாழ்வதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

முட்டி வலி வந்தபோதுகூட அம்மா சமாளித்துக்கொண்டார். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அது முடியவில்லை. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். சிகிச்சை முடிந்து வரும்போது பலருக்கு இரத்த அழுத்தம் இறங்கி, கால் தளர்ந்திருக்கும். அந்த நிலையில்தான் நான்கு மாடி ஏற வேண்டும். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அண்டை வீட்டார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டாவது மாடியைத் தாண்டியதும் அம்மா மயங்கிப் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வீடு மாறியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது.

## வீடு தேடியது

இது 2025 தொடக்கத்தில் நடந்தது. மகனின் கணக்குப்படி வாடகைக்கு அதிகபட்சம் 900 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கலாம். தரைவீடு இந்தத் தொகைக்கு அமையவில்லை. பழைய பிளாட்டிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது, ஆனால் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அந்த வீட்டுக் குளியலறையில்தான் தண்ணீர் மேலே வரும் என்பது அந்த புளொக்கில் எல்லாருக்கும் தெரியும். டயாலிசிஸ் எடுப்பவருக்குத் தொற்று ஆபத்து அதிகம். அதனால் அது வேண்டாம் என்றார் மருமகள். சரியான முடிவுதான்.

மிச்சம் இருந்தது மின்தூக்கி உள்ள அடுக்குமாடி வீடு. ஏஜென்டுகளுக்குப் போன் போட்டதும் பல இடங்களில் வந்த முதல் கேள்வி, “என்ன இனம்?” இந்தியர் என்றதும் சிலர் உரிமையாளர் ஒப்பமாட்டார் என்று நேராகவே சொன்னார்கள். சிலர் வீடு போய்விட்டது என்றார்கள், அடுத்த வாரமும் அதே வீடு விளம்பரத்தில் இருந்தது. தனியார் வாடகையில் இப்படிச் செய்வதைத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை. இதை இங்கே சொல்வது குறைபட்டுக்கொள்வதற்காக அல்ல. பின்னால் எடுத்த முடிவுகளில் இருந்த அவசரத்துக்கு இதுவே காரணம். பத்துக் கதவில் எட்டு மூடிக்கொண்டால், திறந்த கதவிடம் யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

பார்க்கக் கிடைத்தவற்றில் ஒரு பழைய அடுக்குமாடியில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கவில்லை. வீடு இருந்த மாடிக்கு ஒரு தளம் மேலே இறங்கி, படிக்கட்டில் கீழே வர வேண்டும். ஏஜென்ட் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. விளம்பரத்தில் மின்தூக்கி உண்டு என்று போட்டிருந்தது பொய் இல்லைதான். கடைசியாகப் பார்த்தது 14 மாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடி, வாடகை 850 வெள்ளி. புளொக்குக்கு இரண்டு மின்தூக்கி, நுழைவாயிலில் ஜாகா (காவலாளி), நுழைவு அட்டை தட்டினால்தான் கீழ்க்கதவும் மின்தூக்கியும் வேலை செய்யும். டயாலிசிஸ் மையத்துக்கு வேனில் பத்து நிமிடம். உரிமையாளர் வேறு மாநிலத்தில் வேலை பார்ப்பவர், இனம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

## பார்த்தபோது கவனித்தவை

மருமகள் விவரமானவர். இரண்டு மின்தூக்கியும் ஓடுகிறதா என்று ஏறி இறங்கிப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த தகுதிச் சான்றிதழில் காலாவதி தேதி தாண்டவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். பயணிகள் மின்தூக்கிக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் சான்றிதழ் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைப் படிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம். வேன் நிற்கும் இடத்திலிருந்து கதவு வரை படி இல்லாமல் போக முடிகிறதா என்றும் நடந்து பார்த்தார். அம்மாவை அழைத்து வந்து மின்தூக்கிக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தும் பார்த்தார்கள்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் எண்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. மருமகள் அதையும் பார்த்தார். ஆனால் ஏஜென்ட் அதுவரை “எட்டாவது மாடி, மூலைக்கு முந்தின வீடு” என்று மட்டுமே சொல்லியிருந்தார். வீட்டு எண் தெரியாதபோது அந்தப் பட்டியல் வெறும் எண்கள்தான். எண் தெரிந்தது ஒப்பந்தம் கைக்கு வந்தபோது. அதற்குள் முன்பதிவுப் பணம் கொடுத்தாகிவிட்டது, பலகையும் யாருக்கும் நினைவில் இல்லை.

## பணமும் ஒப்பந்தமும்

வழக்கமான கணக்குதான். இரண்டு மாத வாடகை பாதுகாப்பு வைப்புத்தொகையாக 1,700, மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வைப்பு 425, முதல் மாத வாடகை 850. ஆக 2,975 வெள்ளி. அம்மாவின் காப்புகளில் ஒன்று அடகுக் கடைக்குப் போனது.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு. அதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும் என்று மகன் வற்புறுத்தியது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. 2025 ஜனவரி முதல், ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. இவர்களுக்கு ஆண்டு வாடகை 10,200, முத்திரை வரி 41 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 41 வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பாதுகாப்பை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம்.

பராமரிப்புக் கட்டணத்தை உரிமையாளர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றும் இல்லை. ஏஜென்டுகள் பயன்படுத்தும் பெரும்பாலான அச்சு ஒப்பந்தங்களில் இதே கதைதான்.

## முதல் நான்கு மாதங்கள்

பிப்ரவரியில் குடி வந்தார்கள். நல்லபடியாகவே போனது. காலையில் வேன் வரும், மருமகள் கீழே கொண்டுபோய் விடுவார். மதியம் திரும்பும்போது மருமகள் பேத்தியை அழைக்கப் பள்ளிக்குப் போயிருப்பார், மகன் ஷிஃப்டில் இருப்பார். அம்மா தானாகவே அட்டையைத் தட்டி மேலே வந்துவிடுவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு சாயங்காலத்தில் கீழே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார் என்று மருமகள் சொன்னார்.

இடையில் ஒரு மின்தூக்கி சில நாள் நின்றது. மற்றொன்று ஓடியதால் கூட்டம்தான், சிக்கல் இல்லை. இரண்டு மின்தூக்கி உள்ள கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததன் பலன் அது.

## அட்டை முடங்கியது

ஜூன் தொடக்கத்தில் ஒரு மதியம் அம்மா வேனிலிருந்து இறங்கி அட்டையைத் தட்டினார். விளக்கு சிவப்பாகவே நின்றது. ஜாகா ஒரு நேப்பாளி இளைஞர். “ஆன்டி, உங்கள் வீட்டு அட்டை பிளாக் ஆகிவிட்டது” என்று சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதன் பிறகு அவர் வந்து கதவைத் திறந்து, மின்தூக்கியில் தன் அட்டையைத் தட்டி அனுப்ப வேண்டும். அதே நேரத்தில் வாசலில் பொருள் கொண்டுவந்த லாரி நின்றது, அவர் ஒருவர்தான் பணியில் இருந்தார். அம்மா கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் ஜாகா அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மேலே வந்து சேர்ந்தபோது பேச்சுக் குழறியது என்று மருமகள் பதறிப்போனார்.

மறுநாள் நிர்வாக அலுவலகத்தில் விஷயம் தெரிந்தது. வீட்டின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 120, அதோடு கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கு 10 விழுக்காடான 12, ஆக 132 வெள்ளி. உரிமையாளர் 14 மாதமாகக் கட்டவில்லை. அதில் பத்து மாதம் இவர்கள் குடி வருவதற்கு முந்தியது. அதாவது வீடு பார்க்க வந்த அன்றைக்கே அந்த எண் பலகையில் இருந்திருக்கிறது.

மகன் இந்தக் கட்டத்தில்தான் எங்களிடம் வந்தார். அவருடைய கேள்வி நியாயமானது: “நான் ஒரு நாள்கூடத் தவறாமல் வாடகை கட்டுகிறேன். யாரோ கட்டாததற்கு என் அம்மா ஏன் கீழே உட்கார வேண்டும்?”

சட்டம் இதில் வாடகைக்காரருக்குச் சாதகமாக இல்லை. அடுக்குமாடிகளின் நிர்வாகம் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் வருகிறது, அது சட்டம் 757. அதையொட்டி 2015இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள துணைவிதிகள்படி, கட்டணம் பாக்கி வைத்தவரின் நுழைவு அட்டையை நிர்வாகம் முடக்கலாம். பாக்கி முழுவதும் தீர்ந்த பிறகு மீண்டும் இயக்க 50 வெள்ளி வரை வசூலிக்கலாம். அட்டை முடங்கியவரைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லலாம். பாக்கி வைத்தவர் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம். பாக்கிக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். இதில் பலருக்குத் தெரியாத பகுதி, இந்தக் கட்டுப்பாடு உரிமையாளரோடு நிற்பதில்லை என்பது. அவருடைய குடும்பத்தார், வாடகைக்காரர், வீட்டில் குடியிருப்பவர் எல்லாருக்கும் பொருந்தும் என்று துணைவிதியிலேயே இருக்கிறது.

ஆக, வாடகை ஒப்பந்தம் போடுவது உரிமையாளரோடு. மின்தூக்கியை ஓட்டுவது நிர்வாகம். அந்த நிர்வாகத்துக்கும் வாடகைக்காரருக்கும் நடுவில் ஒரு காகிதமும் இல்லை. மின்தூக்கி உள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

## எதிரில் இருந்த வழிகள்

மகன் முதலில் நினைத்தது வாடகையை நிறுத்துவது. நாங்கள் தடுத்தோம். வாடகை நின்ற நிமிடத்திலிருந்து தவறு இவர்கள் பக்கம் வந்துவிடும். 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெற்று வீட்டிலுள்ள பொருளைப் பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. பூட்டை மாற்றி வெளியே தள்ள முடியாது, அதற்கும் நீதிமன்ற ஆணை வேண்டும் என்று குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் (Specific Relief Act) பாதுகாப்புத் தருகிறது. ஆனால் டயாலிசிஸ் நோயாளியை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போய் நிற்கும் நிலையில் இவர்கள் இல்லை.

இரண்டாவது வழி, பாக்கியை இவர்களே கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வது. பராமரிப்புப் பாக்கிக்காக நிர்வாகம் பறிமுதல் ஆணை பெற்று, அதைத் தவிர்க்க வாடகைக்காரர் கட்டினால், அந்தத் தொகையை வாடகையில் கழிக்கலாம் என்று ஸ்ட்ராட்டா சட்டத்தில் இடம் உண்டு. இங்கே நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கழித்தால் அது வாடகைப் பாக்கி என்றே பார்க்கப்படலாம். போதாததற்கு 1,800 வெள்ளியை ஒரே தடவையில் புரட்டுவதற்கு இன்னொரு காப்பு வேண்டும்.

மூன்றாவது, காலி செய்வது. வைப்புத்தொகை திரும்புமா என்பது சந்தேகம், மறுபடியும் “என்ன இனம்?” என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். மருமகள் இதைக் கேட்கவே தயாராக இல்லை.

ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான தகராறுக்கான இடம். வாடகைக்காரர் போக வேண்டுமானால், அக்கறையுள்ள மற்றவர் என்ற முறையில் தீர்ப்பாயத்தின் அனுமதி பெற வேண்டும். அதற்குள் எத்தனை மதியம் போயிருக்கும்?

நாங்கள் பரிந்துரைத்தது வேறு. உரிமையாளர், நிர்வாகம், வாடகைக்காரர் மூவரும் கையெழுத்திடும் ஒரு பக்கக் கடிதம். வாடகையின் ஒரு பகுதி நேராக நிர்வாகத்துக்குப் போகும், அந்தப் பகுதி வாடகையாகவே கணக்கில் கொள்ளப்படும். துணைவிதி நிர்வாகம் அட்டையை முடக்க “வேண்டும்” என்று சொல்லவில்லை, முடக்க “லாம்” என்றுதான் சொல்கிறது. அதனால் பேசிப் பார்க்க இடம் இருந்தது.

## பேச்சுவார்த்தை

முதலில் நிர்வாகக் குழுவைப் பார்த்தோம். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற சீனர். மகன் அவரிடம், “அங்கிள், என் அட்டையும் என் மனைவி அட்டையும் முடங்கியே இருக்கட்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம். அம்மா அட்டையை மட்டும் திறந்துவிடுங்கள்” என்றார். டயாலிசிஸ் மையத்தின் கடிதத்தையும் அட்டவணையையும் கொடுத்தோம். உரிமை பேசாமல், கேட்டதைச் சிறியதாக வைத்தது நல்ல உத்தி. அன்று மாலையே அம்மாவின் அட்டை வேலை செய்தது.

தலைவர் தன் பக்கத்தையும் சொன்னார். அந்தக் கட்டடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் ஒழுங்காகக் கட்டுவதில்லை. மின்தூக்கி நிறுவனத்துக்கு மாதப் பராமரிப்புப் பணம் தாமதமானால் பழுதுபார்க்க ஆள் வருவதும் தாமதமாகும். பினாங்கு மாநில அரசுக்கு டிபிஎம்80பிபி என்று ஒரு திட்டம் உண்டு. குறைந்த விலை, நடுத்தரக் குறைந்த விலை அடுக்குமாடிகளின் பெரிய பழுதுகளுக்கு அதிகபட்சம் 80 விழுக்காட்டை மாநிலம் ஏற்கும். மிச்சம் 20 விழுக்காட்டைக் குடியிருப்பு தர வேண்டும். “அந்த இருபதுக்கே எங்களிடம் பணம் இல்லை” என்றார். அட்டையை முடக்கும் நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம். முடக்காமல் விட்ட கட்டடங்களில் இரண்டு மின்தூக்கியும் மாதக்கணக்கில் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். மின்தூக்கி இல்லாத எட்டாவது மாடி, அம்மாவின் பழைய நான்காவது மாடியைவிட மோசம்.

உரிமையாளர்தான் இழுத்தடித்தார். “அது எனக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு, நீங்கள் தலையிட வேண்டாம்” என்று முதல் பதில். அப்புறம் பதிலே இல்லை. வாட்ஸ்அப் செய்தி போதாது என்று பதிவுத் தபாலிலும் கடிதம் அனுப்பச் சொன்னோம். கடிதத்தில் மூன்று விஷயம் மட்டும்: முத்திரையிட்ட ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணம் அவர் பொறுப்பு என்று இருக்கிறது, அவர் கட்டாததால் வாடகைக்காரர் வீட்டை முழுமையாக அனுபவிக்க முடியவில்லை, இதற்குத் தீர்வாகத் தவணைத் திட்டம் ஒன்றை இணைத்திருக்கிறோம். மிரட்டல் எதுவும் இல்லை. கூடவே நிர்வாகமும் அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. பாக்கி தொடர்ந்தால், அடுக்குமாடி நிர்வாகங்களைக் கண்காணிக்கும் கட்டட ஆணையரிடம் போவோம் என்று அதில் இருந்தது. செபராங் பிறையில் அந்தப் பிரிவு மாநகர் மன்றத்தில் இருக்கிறது. எந்தக் கடிதம் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூன் கடைசியில் கையெழுத்தானது. அதற்குள் பாக்கி 15 மாதம், வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 2,090 வெள்ளி. ஜூலை முதல் 850 வாடகையில் 400 நிர்வாகத்துக்கு, 450 உரிமையாளருக்கு. அந்த 400இல் 132 நடப்புக் கட்டணம், மிச்சம் 268 பழைய பாக்கிக்கு. தவணை தவறாத வரை நான்கு அட்டைகளும் இயங்கும். ஒவ்வொரு ரசீதின் படமும் உரிமையாளருக்கு அதே நாளில் போக வேண்டும்.

## பின் நடந்தவை

தவணைகள் ஒழுங்காகப் போயின. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் வேறு ஒன்று நடந்தது. மேல் மாடி ஒன்றில் நடைபாதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில், தண்ணீர் கதவிடுக்கு வழியாக மின்தூக்கிக் குழிக்குள் இறங்கிவிட்டது. ஒரு மின்தூக்கி நின்றது. மற்றொன்று ஏற்கெனவே உதிரி பாகத்துக்காகக் காத்திருந்தது. அம்மா அப்போதுதான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார்.

பக்கத்து வீட்டு இளைஞர்கள் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் அம்மாவின் இடது கையில் டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா (ஊசி ஏற்றுவதற்காக அறுவையில் இணைத்த இரத்தக் குழாய்) இருக்கிறது. அந்தக் கையை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. மருமகள் போனிலேயே தடுத்துவிட்டார். ஜூன் மாதத்து அனுபவத்துக்குப் பிறகு அவர் கீழ்த்தளத்து மலாய் மாச்சிக் (வயதான அம்மா) ஒருவரிடம் பேசி வைத்திருந்தார்: மின்தூக்கி நின்றால் அம்மா அங்கே படுத்துக்கொள்ளலாம். அம்மாவின் மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, அளந்து ஊற்றி வைத்த தண்ணீர்ப் போத்தல் எல்லாம் ஒரு பையில் அங்கே இருந்தன. இரவு ஒன்பது மணிவாக்கில் மின்தூக்கி ஓடியதும் அம்மா மேலே போனார். இந்த ஏற்பாட்டை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

அதன் பிறகு கழுவும் விஷயத்தை நிர்வாகம் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதி ஒட்டியது. துடைப்பத்தால் துடையுங்கள், வாளியால் ஊற்றாதீர்கள் என்று. மொழிபெயர்ப்பு எங்கள் குழுவில் செய்தது.

ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்தபோது உரிமையாளர் வாடகையை 950 ஆக்கப் பார்த்தார். எட்டு மாதத் தவணை ரசீதுகளில் அதுவரை ஏழு மகனின் கையில் இருந்தன. தவறாமல் கட்டுகிற, தன் கடனையும் சேர்த்துத் தீர்க்கிற வாடகைக்காரரை மாற்றிவிட்டுப் புதியவரைத் தேடுவதில் அவருக்கு லாபம் இல்லை. 880இல் முடிந்தது. பாக்கியின் கடைசித் தவணை புதிய ஒப்பந்தத்தின் முதல் மாதத்தில் தீர்ந்தது.

## மாற்ற வேண்டியவை

இப்போது எங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லும் முதல் விஷயம், முன்பதிவுப் பணம் கொடுப்பதற்கு முன் வீட்டு எண்ணைக் கேளுங்கள் என்பது. எண் கையில் இருந்தால் பலகையைப் படிக்கலாம், நிர்வாக அலுவலகத்தில் விசாரிக்கலாம். தகவல் தனிப்பட்டது என்று அலுவலகம் மறுத்தால், உரிமையாளரிடமே கடைசி பராமரிப்பு ரசீதைக் காட்டச் சொல்லலாம். தெனாகா (மின்சார) பில்லையும் தண்ணீர் பில்லையும் கேட்கத் தயங்காதவர்கள் இதை மட்டும் கேட்பதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்கிறோம்: உரிமையாளர் பராமரிப்புக் கட்டணத்தை இரண்டு மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால், வாடகைக்காரர் எழுத்து மூலம் அறிவித்துவிட்டு அதை நேராக நிர்வாகத்துக்குக் கட்டலாம், கட்டிய தொகை வாடகையாகக் கருதப்படும். பிரச்சினை வந்த பிறகு இதற்குக் கையெழுத்து வாங்க இந்தக் குடும்பத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. சாவி வாங்கும் நாளில் இரண்டு நிமிடம். சில உரிமையாளர்கள் இந்த வரியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள், அந்தச் சுளிப்பும் ஒரு தகவல்தான்.

மாடியைப் பொறுத்தவரை, நோயாளி இருக்கும் வீட்டில் எட்டாவது வேண்டாம் என்பதே என் எண்ணம். இரண்டு மின்தூக்கியும் நின்றுபோகும் நாள் எந்தக் கட்டடத்திலும் வரும். இரண்டாவது, மூன்றாவது மாடி என்றால் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கிவிடலாம். இந்தக் குடும்பம் தேடியபோது கீழ் மாடி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மாடி எண்ணைக் கேட்கும்போது ‘3ஏ’ என்று சொன்னால் அது நான்காவது மாடி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதே மாதிரி பதின்மூன்றும் பதினான்கும் பல கட்டடங்களில் வேறு பெயரில் இருக்கும், படி இறங்கும்போது பெயர் உதவாது.

நிர்வாகத்தின் பக்கம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அட்டையை முடக்குவதற்கு முன் அந்த வீட்டில் நோயாளியோ, சக்கர நாற்காலியில் இருப்பவரோ உண்டா என்று பார்க்கும் வழக்கம் அந்தக் கட்டடத்தில் இல்லை. குடியிருப்பவர் விவரப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுத்தோம். அடுத்து வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். உரிமையாளர்கள் மட்டுமே வாக்களிக்கும் கூட்டம் அது. இந்தக் குடும்பம் போய் உட்காரலாம், கை தூக்க முடியாது. மகன் அந்த மாடியிலேயே வீடு வைத்திருக்கும் இரண்டு உரிமையாளர்களிடம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.